குலவை, எண் பதினேழு

சலவைக்கு வந்தவள் நீ, இன்ஷிராஹ்.
நடனக்காரியின் ஜிகினாப் பாவாடையை
ஒரு மணி உதிராமல் அலசத் தெரிந்தவள்
கீஸா ஸ்டூடியோவில் அன்று நீ ஒருத்திதான்.
கல்யாணக் காட்சிக்குக் குலவையிட வேண்டியவள்
டிராம் கிடைக்காமல் எங்கோ நின்றுவிட,
ஒலிப்பதிவாளன், ஆர்மீனியன் வாஹான்,
கழுத்தில் தொங்கும் ஹெட்போனோடு கொல்லைக்கு வந்து கேட்டான்:
"உங்களில் யாருக்கு நாக்குச் சுழலும்?"

ஈரக் கையைத் துடைக்காமலே போனாய்.
மைக்கின் முன்னால் வாயை மறைத்துக்கொண்டு
பதினாலு விநாடி.
ஒரே டேக். ஐம்பது பியாஸ்தர். ரசீது கிடையாது.
புருஷன் போய் நாலு மாதம் என்று நீ சொல்லவில்லை.
கறுப்பு உடுத்திய சலவைக்காரியை
யாரும் கேட்கவுமில்லை.
பதினோராம் விநாடியில் மூச்சு ஓரிடத்தில் தட்டும்,
சோற்றில் கல் கடிபட்டாற்போல.
டப்பாவின் மேல் வாஹான் எழுதினான்: சந்தோஷம், 17.

என் கைக்கு அது வந்தபோது எனக்கு இருபத்திரண்டு,
எடிட்டிங் அறையில் கடைசி உதவியாள்.
அந்நாளில் எல்லாப் படமும் கல்யாணத்தில் போய்த்தான் முடியும்.
பாஷாவின் மகள், ஏழை இன்ஜினியர்,
கண்ணீர் பட்டு மை கலைந்த ஒரு கடிதம்,
இரண்டு நடனம்,
பளிங்குப் படிக்கட்டு (அட்டை; சாய்ந்தால் ஆடும்),
குண்டுச் சமையல்காரனின் தும்மல்,
அப்புறம் நீ.
பாக்தாதின் கூரையில்லாக் கொட்டகையில்,
அலெப்போவில், கசபிளாங்காவில்,
கெய்ரோ தெருவை மிதித்தறியாத ஜனங்கள்
கெய்ரோப் பேச்சில் காதலிக்கக் கற்றார்கள்.
சிரிப்பு அவர்களுடையது. குலவை உன்னுடையது.

ஒரு பிரதி அல்ஜியர்ஸுக்குப் போயிற்று.
அங்கே மலையையும் துப்பாக்கியையும் படமெடுத்தார்கள்.
மகனின் உடலை முற்றத்தில் இறக்கியபோது
தாய்மார் அழவில்லை, குலவையிட்டார்கள்.
செத்த வீரனுக்கு அதுவும் கல்யாணம்தானாம்.
அவர்களின் வாய். உன் தொண்டை.
முதல் தடவையாக அந்தச் சத்தம்
இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது.

அறுபத்தேழு ஜூனுக்குப் பிறகு
எங்கள் இயக்குநர்களுக்குக் கல்யாணம் கசந்தது.
அட்டைப் படிக்கட்டை விட்டு இறங்கிக்
கால்வாய்ச் சேற்றில் காமிராவை ஊன்றினார்கள்.
மாப்பிள்ளை வராத பந்தல். பந்தலில் ஒரு நாய்.
லபீப் என்றொரு இளைஞன் உன்னை வெட்டச் சொன்னான்.
எங்கே என்றேன்.
"இங்கே."
பதினோராம் விநாடி.
ஏனென்று அவனுக்கும் தெரியாது.

பெய்ரூட்டில் சண்டை மூண்ட வருஷம்,
கண்ணாடிக்கெல்லாம் டேப் ஒட்டிய அறையில்
எவனோ அவசரத்தில் ரீல் மாற்றிப் போட,
குண்டு விழவேண்டிய இடத்தில் நீ விழுந்தாய்.
மின்சாரம் போனதால் திருத்தவில்லை என்றார்கள்.
பொருந்திப் போனதால் என்றும் சொன்னார்கள்.

பிறகு துனிசிலிருந்து ஹாஜர் வந்தாள்,
சிகரெட்டும் சொந்தக் கதையுமாக.
"குலவையெல்லாம் வேண்டாம்.
மணப்பெண் குளியலறையில் கண்மையைக் கழுவுகிறாள்.
நாலு நிமிஷம். குழாய் மட்டும் சொட்டட்டும்."
சொட்டவிட்டேன்.
வீட்டுக்குப் போயும் சொட்டிற்று.
விடிந்ததும் உன்னைத் தேடிக் கிளம்பினேன்.

இம்பாபாவில், மூன்றாம் மாடியில்,
டிவி முன்னால் இருந்தாய்.
நோன்பு மாதத்து மதியத்துக்கென்று பழைய படம் ஒன்று.
படிக்கட்டு ஆடியது, குண்டன் தும்மினான்,
நான் வாய் திறக்குமுன் நீ கேட்டது:
பதினாலு விநாடியும் கேட்டாய், முகம் சுளித்தபடி.
"இந்தப் பொம்பளைக்கு மூச்சு பத்தலை," என்றாய்.
"காசு கொடுத்து நல்லவளா ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கலாம்."

திரையில் சர்க்கரை வாதுமை இறைத்தார்கள்.
நீ முழங்காலைத் தேய்த்துக்கொண்டு
ஒலியைக் கூட்டச் சொன்னாய்.